அடிபட்டது முதலில்

ரெய்யோவின் வேட்டைச் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். கடைசிப் பொத்தான் கழுத்துக்குக் கீழே இருந்தது. அதைப் போட அவன் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். நின்றேன், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வசந்தத்தில் தொடங்கிய நடுக்கம் இப்போது அவன் வலது கை முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டது. குரலும் உள்ளே போய்விட்டது. சமையலறை மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து அவன் பேசினாலே நான் இரண்டு தடவை “என்ன?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் பெண்டாட்டி ஹில்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான் மனுஷன்.

“இந்த வருஷம் வேண்டாமே, ரெய்யோ.”

அவன் நாயின் கழுத்துப்பட்டையைத் தேடுவது போல் திரும்பிக்கொண்டான். “அடிபட்ட வாத்து ஒண்ணை விட்டுட்டு வந்தேன்னா, துப்பாக்கியை உங்க அண்ணன்கிட்ட குடுத்துடறேன். அப்புறம் கையால தொடமாட்டேன். போதுமா?” என்றான்.

போதும் என்றேன்.

அடிபட்டும் கைக்குச் சிக்காமல் போன பறவையை எங்கள் பக்கத்தில் ஹாவக்கோ என்பார்கள். அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. என் அண்ணன் ஐமோவும் ரெய்யோவும் நாற்பது வருஷமாக எங்கள் ஏரியின் ஒரே விரிகுடாவில் சுடுகிறார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நெருப்பு மூட்டிக் காபிப் பாத்திரத்தை ஏற்றிவிடுவார்கள். ஆனால் தண்ணீரில் ஒரு ஹாவக்கோ இருக்கிறவரைக்கும் யாருக்கும் காபி ஊற்றக் கூடாது. ஒரு வருஷம் காபி கொதித்துக் கொதித்துத் தார் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பறவையைக் கண்டுபிடித்த பிறகு அந்தத் தாரையே முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

நாங்கள் கரைக்குப் போனபோது ஐமோ முன்பே வந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தான். “என்ன மாப்ள, கழுத்து வரைக்கும் பொத்தான்? கல்யாணத்துக்கா வந்திருக்கே?”

ரெய்யோ ஏதோ பதில் சொன்னான். எனக்கே கேட்கவில்லை. ஐமோ கேட்டவன் போல வாய்விட்டுச் சிரித்தான்.

ஆகஸ்ட் இருபது, பகல் பன்னிரண்டு மணி; அந்த வருஷத்து வாத்து வேட்டை தொடங்குகிற நேரம். ஏரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. ஐமோ விரிகுடாவின் அந்தக் கரையில் இருந்தான். இந்தப் பக்கம் நாணல் மறைவில் ரெய்யோ, நான், ருஸ்கா. ருஸ்கா எங்கள் பழுப்பு நாய். வாத்துகள் தாழப் பறந்து வந்தன. ரெய்யோ இரண்டு முறை சுட்டான். ஒன்று கல் போல நேராகத் திறந்த தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று ஒரு சிறகு தொங்க, சாய்ந்து சாய்ந்து இறங்கி, நாணல் ஓரமாகத் தண்ணீரைத் தொட்டதும் நீந்தத் தொடங்கியது.

அடிபட்டதை முதலில் எடுக்க வேண்டும். செத்தது எங்கேயும் போய்விடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் நாய்க்குக் கண்ணெதிரே விழுந்ததுதான் பெரிது. ருஸ்கா தண்ணீரில் பாய்ந்து செத்த வாத்தை நோக்கி நீந்தியது. திருப்ப ஒரு வார்த்தை போதும். மற்றவர்கள் எல்லோரும் விசில் வைத்திருக்கிறார்கள். “என் நாய்க்கு என் குரல் போதும்” என்று ரெய்யோ வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறான். அந்தக் குரலால்தான் இப்போதும் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற எனக்கு, யாரோ சுவருக்கு அப்பால் பேசுவது போல் இருந்தது. ருஸ்காவின் காது அசையக்கூட இல்லை.

நான் தொண்டை கிழியக் கத்தினேன். பிரயோசனமில்லை. என் குரல் அதற்குச் சாப்பாட்டுத் தட்டின் குரல். அது ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போக்கில் போனது. செத்த வாத்தைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி கரைக்கு வந்தபோது நாணல் ஓரத்தில் எதுவுமே இல்லை.

ஐமோ கரையைச் சுற்றி நடந்து வந்தான். “இருக்கா?” என்று மட்டும் கேட்டான், அந்தச் சொல்லைச் சொல்லாமல். ரெய்யோ ஆமாம் என்று தலையசைத்தான். ஐமோ தன் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுவிட்டு நாணலுக்குள் இறங்கினான். அதற்குப் பிறகு அவன் அன்று சுடவில்லை.

பிற்பகல் முழுவதும் தேடினோம். நான் துடுப்புப் போட்டேன். ரெய்யோ படகின் முன்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். ருஸ்கா நாணலுக்குள் போய்ப் போய் வந்தது. பழைய ஈர இலைகளையும் ஒரு தடவை ஒரே ஒரு இறகையும் கொண்டுவந்தது. அதன் முன்கால் எங்கோ வெட்டுப்பட்டுப் படகின் அடிப்பலகையில் ரத்தத் தடம் வைத்தது. மற்ற வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். எனக்குள் இருந்ததைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அந்த வாத்து கிடைத்துவிட வேண்டும், ஒற்றைச் சிறகோடு குளிரில் கிடந்து சாகக் கூடாது என்று ஒரு மனம் தவித்தது. கிடைக்காவிட்டால் இந்தத் துப்பாக்கி இன்றோடு முடிந்தது, எனக்குத் தூக்கம் வரும் என்று இன்னொரு மனம் கணக்குப் போட்டது. எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பார்த்ததும் நான்தான். கரையோர மரம் ஒன்றின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில், சுள்ளி நுனி போல ஒரு அலகு மட்டும் வெளியே நீட்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கண். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள். எத்தனை நேரமாக அப்படி இருந்ததோ. அந்தக் கண் எங்களைப் பார்த்தது.

“ரெய்யோ, அங்க. வேருக்குக் கீழ.”

அவன் துப்பாக்கியைத் தூக்கினான். இரண்டு படகு தூரம்கூட இருக்காது. குழாயின் நுனி அலகின் மேல் வந்தது, வேருக்குப் போனது, தண்ணீருக்கு வந்தது, மறுபடி அலகைத் தொட்டு நழுவியது. அவன் முழங்கையைத் தொடையில் ஊன்றிப் பார்த்தான். மூச்சைப் பிடித்துப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வேருக்குப் பின்னாலிருந்து ருஸ்காவின் தலை வெளியே வந்தது. குழாய் நாயின் முகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றியது. ரெய்யோ துப்பாக்கியைத் தாழ்த்தினான். அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது.

“நீ சுடு,” என்றான். அப்படித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

“எனக்கு எங்க தெரியும்?”

பிறந்ததிலிருந்து துப்பாக்கிகள் இருக்கிற வீடுகளில் வாழ்ந்தவள், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. படகை வேரருகே தள்ளி, துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, வாத்தைப் பிடிக்க வெறுங்கையை நீட்டினேன். படகு ஆடியது. அலகு உள்ளே போனது. ஒரு வட்டம்கூட எழவில்லை. அடிபட்ட வாத்து அடியில் போய்ப் பாசியையோ வேரையோ கவ்விக்கொண்டு கிடக்கும் என்பார்கள். சிலது மேலே வருவதே இல்லை. துடுப்பால் வேர்களுக்குள் துழாவினேன், சேறு கலங்கி எதுவும் தெரியாமல் போகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு ருஸ்கா தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டது. கரைக்கு வந்து நெருப்பருகே விழுந்து, வெட்டுப்பட்ட காலை நக்கத் தொடங்கியது. ரெய்யோ படகிலிருந்து இறங்கித் துப்பாக்கியைத் திறந்து, காலியாக்கி, ஐமோவின் பையின் மேல் குறுக்காக வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. நாணலிலிருந்து கரையேறி நின்ற ஐமோவுக்கு எங்கள் காலைப் பேச்சு தெரியாது. அவன் துப்பாக்கியைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், மேற்கே சரிகிற வெயிலைப் பார்த்தான். பிறகு குனிந்து காபிப் பாத்திரத்தை எடுத்தான்.

“இன்னும் கிடைக்கலையே அண்ணா,” என்றேன்.

“தெரியும்மா.”

எனக்கு விளிம்பு வரை ஊற்றினான். தனக்கும் அப்படியே. ரெய்யோவின் மரக்கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினான். பாத்திரத்தில் நிறையக் காபி இருந்தது.

ரெய்யோ அந்தப் பாதிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“போன வருஷம், வேட்டையோட கடைசி நாள்ல,” என்றான் ஐமோ. “தோட்டாவைக் கீழ போட்டுப் போட்டு எடுத்தியே மாப்ள. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.”

வசந்தத்தில்தான் தொடங்கியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நிறைய ஊத்து,” என்றான் ரெய்யோ.

“வேணாம்டா.”

“ஊத்து.”

ஐமோ விளிம்பு வரை ஊற்றினான். ரெய்யோ வலது கையால் கிண்ணத்தை எடுத்தான். கொதிக்கும் காபி விரல்களில் வழிந்தது, மணிக்கட்டில் இறங்கிச் சட்டைக் கைக்குள் ஓடியது. அவன் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அப்போது நாணலுக்குள் ஒற்றைச் சிறகு ஒரு முறை தண்ணீரைப் படபடவென்று அடித்து ஓய்ந்தது.

ருஸ்கா எழுந்து நின்றது. மூன்று காலில்தான் நின்றது. சத்தம் வந்த பக்கம் திரும்பாமல், ரெய்யோவின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் காதுகளை விறைத்துக்கொண்டு காத்திருந்தது. ரெய்யோவின் உதடுகள் அசைந்தன. மறுபடியும் அசைந்தன. நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இன்னும் கூர்மையாகக் கேட்டது.