பெயர் அழிந்த கோப்பு

கோயில் தேர் புறப்படும் அன்று காலை எட்டரை மணிக்கு அங்கம்மாள் கல்லூரிக் கணினிக் கூடத்தின் படியேறி வந்தாள். வைகாசி வெயிலில் நடந்து வந்ததில் அவளுடைய நீலச் சீருடைச் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. முசரவாக்கம் பகுதிக்கு அவள்தான் கிராம சுகாதாரச் செவிலி. இருபது வருஷமாக அங்கேதான் வேலை.

"சிந்துமா, ஃப்ளாப்பியில ஒண்ணுமே இல்லமா. ஆபீஸ்ல போட்டுப் பாத்துட்டு காலியா இருக்குதுன்றாங்க. திங்கக்கெழம விசாரணை வச்சிருக்காங்க."

ஸிந்துஜா அந்தக் கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். வயது இருபத்தாறு. கோடை விடுமுறையில் கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. "பதறாதீங்கோக்கா, பாத்துடலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். சுற்று வட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்குக் கரு கலைந்தது, குழந்தை செத்துப் பிறந்தது எல்லாவற்றையும் அங்கம்மாள் மூன்று வருஷமாக வீடு வீடாகக் கேட்டு எழுதியிருந்தாள். எந்த மாசம், எத்தனையாவது பிரசவம், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். ஏரிக்கரைச் சாயப்பட்டறையின் கழிவுதான் காரணம் என்று அவள் மனு கொடுத்து, அது விசாரணை வரைக்கும் வந்திருந்தது. இந்தக் கல்லூரி மாணவன் ஒருவன் அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். அங்கம்மாள் லீவு நாட்களில் வந்து ஒற்றை விரலால் எல்லாவற்றையும் தட்டி ஏற்றினாள். போன கார்த்திகை மழையில் துணை சுகாதார நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து காகிதங்கள் கூழாகிவிட்டன. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று அள்ளிக் கொட்டிவிட்டாள்.

திரையில் புரோகிராம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக யாரும் அதை மூடவே இல்லை. 'வடிவு' என்று அடித்தால் வடிவின் பக்கம் வந்தது. நகல் எடுக்கச் சொன்னால் மட்டும் ஃப்ளாப்பி காலியாக வந்தது.

ஸிந்துஜா பக்கத்துத் திரையில் கேட்ரேஸ் என்ற கட்டளையை அடித்து, அந்தப் புரோகிராமின் எண்ணைக் கொடுத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் கோப்பைத் திற, படி, எழுது என்று கணினியின் மையத்தில் இருந்து எல்லாவற்றையும் இயக்கும் கெர்னலிடம் கேட்பது எதுவானாலும் ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும் கட்டளை அது. படித்த எழுத்துகளையும் சேர்த்தே குறிக்கும். நகல் எடுக்கும் பொத்தானை ஒருமுறை தட்டச் சொல்லிவிட்டு, குறிப்பைப் பிரித்துப் படித்தாள்.

புரோகிராம் நகலெடுக்கக் கோப்பைப் பெயர் சொல்லிப் புதிதாகத் திறக்கக் கேட்டிருந்தது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கெர்னல் பதில் சொல்லியிருந்தது. பெயருக்கு முன்னால் இருந்த முகவரியைப் பார்த்ததும் ஸிந்துஜாவுக்குப் புரிந்துவிட்டது. அது தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் இடம். அந்த மாணவன் தரவை அங்கே வைத்திருக்கிறான். பன்னிரண்டு நாளைக்கு முன்பு வட்டு நிரம்பிவிட்டது என்று அந்த இடத்தை ஒரே வரியில் துடைத்துப் போட்டவள் அவள்தான். வாராவாரம் எடுக்கும் பிரதியிலும் அந்த இடம் சேராது.

பெயர் அழிந்துவிட்டது. புரோகிராம் ஏழு மாதமாகத் திறந்தே வைத்திருந்ததால் கோப்பின் உடம்பை மட்டும் கெர்னல் இன்னும் விடாமல் வைத்திருந்தது. புரோகிராம் நின்றால் அதுவும் போய்விடும்.

"இன்னாமா, முகமே சரியில்லியே?"

"மெஷின்ல கோளாறுக்கா" என்றாள் ஸிந்துஜா. "தேருக்கு எத்தனை மணிக்குக் கரன்ட் நிறுத்துவா?"

"பத்துக்குன்னு சொன்னாங்க. தேர் தாண்டினாதான் உடுவாங்க."

மணி ஒன்பது பத்து. ஸிந்துஜா எலக்ட்ரீஷியன் தனசேகரனுக்கு ஃபோன் போட்டாள். ஜெனரேட்டரில் டீசல் இல்லை. "ரோட்ட அடச்சிட்டாங்கமா. சைக்கிள் கூட வர முடியாது" என்றார். யு.பி.எஸ். பேட்டரி பழசு, இருபது நிமிஷம் தாங்கினால் பெரிது.

ஒரே ஒரு வழி இருந்தது. பெயரைக் கேட்டால் புரோகிராம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கோப்பிலிருந்து படித்து வரும். படிப்பதை கேட்ரேஸ் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு வேறொரு கோப்பாகப் பத்திரமாகத் தங்கும். ஆனால் ஒவ்வொரு பெயராகக் கேட்க வேண்டும். பெயர்ப்பட்டியல் தனியாக எங்கேயும் இல்லை.

"அக்கா, உங்களுக்கு அத்தனை பேர் பேரும் ஞாபகம் இருக்கோ?"

அங்கம்மாள் கண்ணை மூடினாள். "தெருத் தெருவா வரேன். நீ அடிச்சிக்கினே வா."

காலனித் தெருவில் தொடங்கி, மேட்டுத் தெரு, பள்ளிக்கூடத்துத் தெரு என்று வீட்டு வரிசைப்படி பெயர்கள் வந்தன. ஸிந்துஜா அடிக்க அடிக்கப் பக்கங்கள் வந்தன. வந்ததை அவள் வாய்விட்டுப் படித்தாள். வடிவு, மூன்று. செல்லியம்மாள், எட்டாம் மாசத்தில் ஒன்று. அதைக் கேட்டு அங்கம்மாள் கண் திறந்து திரையைப் பார்த்தாள். "அது பொம்பளப் புள்ள. தல நிறைய முடி. நான்தான் துணியில சுத்தினேன்."

"அடுத்த பேரைச் சொல்லுங்கோ" என்றாள் ஸிந்துஜா. தன் குரல் இவ்வளவு கடுமையாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

பத்து மணிக்கு மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கூவத் தொடங்கியது. தெருவில் நாகஸ்வரமும் கோவிந்தா என்ற கூட்டத்தின் சத்தமும் நெருங்கி வந்தன. அங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஐயம்பேட்டை ரோட்டோர வீடுகளுக்கு வந்துவிட்டாள்.

"தர்மன் பொண்டாட்டி... அவ பேரு... எல்லாரும் தர்மன் பொண்டாட்டின்னுதான் கூப்புடுவாங்க. ஐயோ, பேரு வாயில வருது..."

"விட்டுடுங்கோ, அடுத்தது!"

"உடக் கூடாதுமா. அவளுக்கு நாலு போச்சு."

அவள் நெற்றியில் தட்டிக்கொண்டே யோசித்தாள். யு.பி.எஸ்ஸின் கூவல் நீண்டு ஒரே சத்தமாகி நின்றது. இரண்டு திரையும் ஒன்றாகக் கறுத்தன.

 பிறகு அங்கம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தினி பேரு வந்துச்சு?"

"நூத்து முப்பத்தேழு."

"நீ இல்லன்னா அதுவும் கெடச்சிருக்காது. நல்லாருப்பமா நீ." அவள் ஸிந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையைத் தாங்கிக்கொள்ள ஸிந்துஜாவால் முடியவில்லை. "அக்கா, மெஷின் கோளாறு இல்லை. நான்தான் அழிச்சேன். இடம் இல்லைன்னு, என்ன இருக்குன்னுகூடப் பாக்காம" என்று சொல்லிவிட்டாள்.

அங்கம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. காலி ஃப்ளாப்பியைப் பைக்குள் போட்டாள். "வடிவு போன மாசம் செத்துப்பூட்டா. அவளுது வந்துடுச்சு, அதுவரைக்கும் சரி" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

மின்சாரம் வந்ததிலிருந்து ஞாயிறு மாலை வரை ஸிந்துஜா வட்டின் காலி இடங்களைத் துழாவிக்கொண்டிருந்தாள். துண்டு துண்டாகத்தான் அகப்பட்டது. பாதிப் பெயர்கள், யாருடையது என்று தெரியாத தேதிகள், 'கிணறு' என்ற சொல் மட்டும் நூறு இடத்தில். அவற்றையும் அந்த நூற்று முப்பத்தேழு பக்கங்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு அங்கம்மாளின் வீட்டுக்குப் போனாள். அங்கம்மாள் வாசலிலேயே நின்று தாள்களைப் புரட்டினாள். முழுப்பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

விசாரணை அதிகாரி தாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மனுவில் நானூற்றுப் பன்னிரண்டு என்றிருக்கிறதே, மீதி எங்கே என்றார். பொறுக்கியெடுத்த ஆட்களை வைத்துப் பழி போடுகிறார்கள் என்றார் பட்டறையின் வக்கீல். இரண்டு மாசம் தவணை கிடைத்தது.

அங்கம்மாள் மறுபடி வீடு வீடாகப் போனாள். ஸிந்துஜா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். முதல் தடவை அழுது சொன்ன பெண்கள் இரண்டாம் தடவை கதவருகிலேயே நிறுத்தினார்கள். "ஒரு வாட்டி சொன்னதே போதும்கா. திரும்பத் திரும்பக் கிளறாத" என்றார்கள். சிலர் ஊரையே விட்டுப் போயிருந்தார்கள். பதினோரு பக்கங்கள்தான் கூடுதலாகச் சேர்ந்தன. ஆடி கடைசியில் போதிய ஆதாரம் இல்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் ஸிந்துஜா முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறிப் போனாள். துணை சுகாதார நிலையத்தில் அங்கம்மாள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தில் மட்டும் இன்னும் இரண்டு பேருக்குக் கலைந்திருந்தது.

"நான் டைப் பண்ணித் தரட்டுமாக்கா? நாலு எடத்துல பிரதி எடுத்து வெப்பேன்."

அங்கம்மாள் பேனாவை நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம்மா. நோட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த கர்ப்பிணியை உள்ளே வரச் சொன்னாள்.