பக்கத்து ஓட்டை

பரத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மின்விசிறிக்கு அடியிலேயே அவனுக்கு அப்படி வியர்த்துக் கொட்டியது.

வினை அவனே தேடிக்கொண்டதுதான். அயனம்பாக்கத்தில் ஏரி தெரிகிற எட்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கியவன், கூடத்தை ஒரு குட்டி தியேட்டராக்க ஆசைப்பட்டான். தப்பில்லை, ஆசைதானே! படத்தையும் பாட்டையும் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர் வந்தது, ஸ்பீக்கர்கள் வந்தன, கூரையோரம் சுருண்டு கிடக்கிற மின்திரையும் வந்தது. ரிசீவரைப் போட்டதும் திரை தானாக இறங்க வேண்டும். அதற்கு அங்கிருந்து திரை மோட்டாருக்கு ஒரு மெல்லிய ஒயர் போக வேண்டும். சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, அந்த ஒயரை இழுத்துக் கொடுத்தவர் நசரத்பேட்டை எலக்ட்ரீஷியன் எத்திராஜ்.

"ரிசீவர் பின்னாடி சொருவுறதையும் நானே பாத்துடுறேன் சார்" என்றுதான் அவர் சொன்னார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நான் படிச்சதே எலக்ட்ரானிக்ஸ்தான்" என்றான் பரத். நாலு வருஷப் படிப்பை இதற்காவது காட்ட வேண்டாமா!

சனிக்கிழமை மாமனார் வீட்டாரும் ஆபீஸ் மேனேஜரும் வந்தார்கள். பரத் எல்லாரையும் சோபாவில் உட்கார வைத்து, விளக்கை அணைத்து, ரிமோட்டை அழுத்தினான். பாட்டு கணீரென்று வந்தது. திரை மட்டும் அசையவில்லை. மறுபடி அழுத்தினான். மாமனார் செருமினார். மேனேஜர் மரியாதைக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த ஆளு சுவத்துக்குள்ள மட்டமான ஒயரைப் போட்டு ஏமாத்திட்டான்" என்றான் பரத். சொன்னதோடு விட்டானா? அதையே குடியிருப்பு வாட்ஸாப் குரூப்பிலும் போட்டான். நூற்று நாற்பது வீடு. செயலாளர் ரவிச்சந்திரன் ஐந்தே நிமிடத்தில் பதில் போட்டார்: "இனி எத்திராஜுக்கு கேட்டுக்குள் அனுமதி இல்லை."

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமே?" என்றாள் மனைவி சுவேதா. அவர் பிழைப்பே பாதி இந்தக் குடியிருப்பில்தான் என்பது அவளுக்குத் தெரியும். பரத் காதில் வாங்கவில்லை.

விஷயம் காதுக்கு எட்டி, மறுநாள் காலை எத்திராஜ் கேட்டில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். பரத் சொன்ன பிறகுதான் காவலாளி உள்ளே விட்டார்.

"இருவது வர்சமா தொழில்ல கீறேன் சார். ஒர்த்தர் கூட என்னை இப்டி பேசினதில்ல" என்றவர் வேறு ஒன்றும் கேட்காமல், ரிசீவருக்கு மேலே புதுப் பெயின்ட் அடித்த சுவரில் உளியை வைத்தார். சிமென்ட் உதிர்ந்து அவர் தலையெல்லாம் வெளுத்தது. குழாயை உடைத்து ஒயரை வெளியே எடுத்து, விரலால் நீவிப் பார்த்தார்.

சும்மா நிற்க முடியாமல் பரத் ரிசீவருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். ஐயோ! ஒரே மாதிரி இரண்டு சின்ன ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று ரிமோட் சிக்னலை உள்ளே வாங்குவது. மற்றது திரையை இறக்கச் சொல்லி மோட்டாருக்குச் சிக்னல் அனுப்புவது. அவன் ஒயரைச் செருகியிருந்தது முதல் ஓட்டையில்.

அந்த நொடியே வாயைத் திறந்திருக்கலாம். "நிறுத்துங்க, தப்பு என்னோடது" என்று மூன்றே வார்த்தை. திருடன் மாதிரி மெதுவாகப் பிடுங்கி, பக்கத்து ஓட்டையில் செருகினான். மோட்டார் முனகியது. வெள்ளைத் திரை ஆடி அசைந்து இறங்கியது.

எத்திராஜ் திரையைப் பார்த்தார். கையிலிருந்த ஒயரைப் பார்த்தார்.

"உள்ள எங்கியோ மடிஞ்சிகினு இருந்துருக்கும் சார். என் தப்புதான்" என்றார்.

பரத் டார்ச்சை அணைத்தான், பாவி. எத்திராஜ் குழாயை ஒட்டி, சிமென்ட் குழைத்துப் பூசி, தரையைக் கூட்டினார். சுவேதா கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், குரூப்ல ஒரு வார்த்தை போட்டுடு சார். தப்பு அவன்துதான், ஆனா வந்து சரி பண்ணிட்டான்னு போட்டா போதும்."

பரத் அப்படியே போட்டான். ஒரு எழுத்து கூட மாற்றவில்லை. கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "ஓகே, அனுமதிக்கலாம்" என்றார் ரவிச்சந்திரன். எத்திராஜ் கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கும்பிடுதான் பரத்தை உலுக்கியது. செருப்பைக்கூட மாட்டாமல் லிஃப்ட் வரை ஓடினான்.

"எத்திராஜ்... தப்பு உங்களோடது இல்ல. நான்தான் ஓட்டை மாத்திச் சொருகியிருந்தேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஒயரு என் கைலதானே இருந்துச்சு. அந்தாண்ட நீ புடுங்கி சொருவுறப்ப இங்க இழுத்துச்சே."

பரத் கிட்டே வந்தான். "பின்ன ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

எத்திராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "உன் தப்புன்னா நீ குரூப்ல போடுவியா சார்? என் தப்புன்னாதான் போடுவ. எனுக்கு கேட்டு தொறக்கணும், அவ்ளோதான்."

லிஃப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். கதவு மூடும்வரை பரத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவர் முடியிலிருந்த சிமென்ட் தூளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் வந்து கைபேசியை எடுத்தான். கட்டைவிரல்கள் முப்பத்தெட்டாகியிருந்தன. அவற்றுக்குக் கீழே எழுதினான்: "எத்திராஜ் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒயரைத் தப்பான ஓட்டையில் செருகியது நான். அவர் சுவரை உடைத்துக்கொண்டிருந்தபோதே எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை." கடைசி வரியை அழித்தான். மறுபடி எழுதினான். அனுப்பினான்.

இந்த முறை ஒருவரும் கட்டைவிரல் போடவில்லை. சமையலறையில் சுவேதாவின் கைபேசி ஒலித்தது. அவள் படித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தபோது, அவன் பூச்சு காயாத சுவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.