அமைச்சர் வெட்டவேண்டிய நாடா

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிலத்தடி வாகனத் தரிப்பிடம் கட்டி முடித்து ஒரு வருடமாகிறது. உள்ளே இன்னும் ஒரு வாகனமும் போகவில்லை. போனதெல்லாம் மழைத் தண்ணீர்தான். இறங்கும் வழிக்குக் குறுக்கே சிவப்பு நாடா. அதை அமைச்சர் வந்து வெட்டவேண்டும். அவர் திகதி தந்தபாடில்லை. நாடா வெளுத்தபோதெல்லாம் புதிது கட்டினார்கள். தண்ணீரை ஒரு தடவையும் இறைக்கவில்லை.

எதிரே ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஜீவராணியின் மூத்த மகள் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடையின் பின்னறையில் கைக்குழந்தை. அதற்கும் வந்துவிடுமோ என்று பயந்து, தண்ணீரை இறைக்கச் சொல்லித் தரிப்பிடத்தைக் கட்டிய திணைக்களத்துக்கு ஓடினாள். பணிப்பாளர் பொறுமையாக விளக்கினார்: திறக்காத கட்டடம் பாவனைக்கு வராத கட்டடம், பாவனைக்கு வராத இடத்தில் நுளம்பு பெருகுவதாக அவர் எப்படி எழுதுவார்? பூச்சட்டிகளில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளும்படி ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்தனுப்பினார். ஜீவராணியிடம் பூச்சட்டியே கிடையாது.

நேரே பக்கத்து இரும்புக் கடை ஜாபிரிடம் போய்த் தண்ணீர்ப் பம்பு கேட்டாள். அவர் பெற்றோலும் ஊற்றி, தானே தூக்கிக்கொண்டு வந்தார். காவலாளி கணபதி நாடாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இத அவுத்தா என் வேல போயிரும்மா. மந்திரி வரட்டுமே."

"மந்திரி வரட்டும்னு கொசு காத்துக்கிட்டா இருக்கு, அண்ணே? அது நாடாவுக்குக் கீழால போயிட்டு வந்துக்கிட்டுதான் இருக்கு. எம்புள்ளைக்கு பிளேட்லட் கொறஞ்சிக்கிட்டே போகுது. நீங்க துணிக்குக் காவல் நிக்கிறீங்க."

கணபதி, தேத்தண்ணி குடிக்கப் போவதாக யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார். அவள் நாடாவைப் பிடித்திழுத்து அறுத்தாள். ஜாபிர் பம்பை முடுக்கினார். கறுத்த தண்ணீர் தெருவோரக் கானில் பாய்ந்தது.

ஒரு வருடமாக எட்டிப்பார்க்காத திணைக்களம் அரைமணி நேரத்தில் வந்திறங்கியது. பணிப்பாளர், அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், ஒருவர் கையில் புது நாடா. அனுமதியின்றித் திறந்து வைத்ததற்காகப் பொலிசில் முறையிடப் போவதாகப் பணிப்பாளர் கத்தினார். அதற்குள் பஸ்ஸுக்கு நின்ற சனம் கூடி, போன்களைத் தூக்கிப் பிடித்தது. பணிப்பாளர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார். டெங்கு ஒழிப்பின் முதற்கட்டமாகத் தமது திணைக்களம் இந்த நீரை அகற்றுகிறது என்று ஆரம்பித்தார். பம்புச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. இரண்டு நிமிடம் நிறுத்தும்படி கைகாட்டினார்.

ஜீவராணி பம்பை மறித்து நின்றாள்.

"நிப்பாட்ட மாட்டேன் சேர். பேசணும்னா உள்ள எறங்கி நின்னு பேசுங்க. கொசு கேக்கும்."

சனம் சிரித்தது. பணிப்பாளர் உரையை விடவில்லை. வாய் அசைவதுதான் தெரிந்தது. முடிந்தது என்று தெரிந்ததும் அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள்.

அடித்தரை தெரியும்வரை யார் சொன்னாலும் நிறுத்தவேண்டாமென்று ஜாபிரிடம் சொல்லிவிட்டு, ஜீவராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினாள்.