இடது தடம்

அன்று கனிஷாயின் வீட்டில் இருந்தவர்கள்: சுவரோர மெத்தையில் கனிஷாய், அவள் பக்கத்தில் மருமகள் சோல்பான், புருஷனைப் புதைத்து இன்னும் மாதம் நிறையாதவள், எதிரே மினிபஸ் டிரைவர் சகின்பெக், அவன் மனைவியின் அண்ணன் தொக்தோசுன், பேசுவதற்கென்றே கூட்டி வரப்பட்ட அல்தாஷ், எந்த வண்டி எந்த ரூட்டில் ஓட வேண்டும் என்று நிலையத்தில் உட்கார்ந்து சொல்கிறவன். கீழே, மாடிப்படிக் கம்பியில் கட்டிப்போட்ட ஒரு செம்மறி. சமாதானத்துக்கென்று அதைக் கொண்டு வந்ததும் இவர்கள்தான்.

கனிஷாயின் மகன், சோல்பானின் புருஷன் திலெக் இல்லை; சகின்பெக்கின் மினிபஸ் அவன் காரில் மோதிச் செத்துப்போனான். அவனைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார்கள்.

தரையில் விரித்த சாப்பாட்டு விரிப்பின் ஓரத்தில், ஜாம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் கிடந்தது. எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் கனிஷாய் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். போடாவிட்டால் சகின்பெக் சிறைக்குப் போவான். எல்லாம் அதில்தான் நின்றது. டீ, வெண்ணெய், அல்தாஷின் இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு எல்லாமே அந்தத் தாளைச் சுற்றித்தான்.

சகின்பெக் போலீசிடம் சொன்னது இதுதான்: சந்திப்புக்கு மேலே தொங்கும் போர்டை ஈரப்பனி மூடியிருந்தது, ரோட்டில் போட்ட கோடும் பனிக்கடியில், நான் அந்த ரூட்டுக்குப் புதுசு, இடது தடத்தில் நேராகப் போகலாம் என்று நினைத்தேன். பனி மூடியது உண்மை, போட்டோ கூட இருக்கிறது. ரூட்டுக்குப் புதுசு என்பது பொய். அந்தப் பொய்யைத் தயாரித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் அல்தாஷ். தலையாட்டியவன் சகின்பெக்.

"ஆடு மாடி ஏற மாட்டேங்குதுக்கா. இழுத்து இழுத்துப் பாத்தோம்" என்றான் தொக்தோசுன்.

"எதுக்குக் கொண்டு வந்தீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் கனிஷாய்.

யாரும் சிரிக்கவில்லை. அல்தாஷ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெற்றியில் எழுதியது, மேலே இருப்பவன் கணக்கு என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒண்ணு விளங்கல. இன்ஸ்பெக்டர் லேன்ங்கிறான், அம்புக்குறிங்கிறான். கீழ் வீட்டுக்காரி, உம் மகன்தான் தப்பான லேன்ல வந்திருப்பான், அவன் எப்பவும் அவசரக்காரன்ங்கிறா. எனக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. தம்பி, நீ டிரைவர்தானே. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எம் பிள்ளை சரியான லேன்ல இருந்தானா?"

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்..." என்றான் அல்தாஷ்.

"உன்னைக் கேக்கல."

சகின்பெக் அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. திறக்காதே என்றுதான் வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் இது அவன் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பதில் அவளுக்கு நல்ல பதிலாகவும் இருந்தது. டீக்கரண்டிகளை எடுத்து விரிப்பின் மேல் வைத்தான்.

"இதுதான் போர்டுன்னு வச்சுக்கங்க. ரோட்டுக்கு மேல தொங்கும். ஒவ்வொரு லேனுக்கும் அது தலைக்கு மேல அதோட அம்பு இருக்கும். எந்த லேன்ல நிக்கிறமோ, அந்த அம்பு காட்டற பக்கம்தான் போகணும். வலது லேன், நேராவும் போகலாம், வலதுபக்கம் திரும்பவும் செய்யலாம். நடு லேன், நேரா மட்டும். உங்க மகன் இங்க இருந்தாரு." நடுக்கரண்டியின் கீழே ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்தான். திலெக்கின் காரும் வெள்ளைதான். "நேராத்தான் போனாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்லைக்கா. கீழ் வீட்டுக்காரி கிட்ட சொல்லுங்க."

கனிஷாய் சர்க்கரைக் கட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோல்பான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ?"

இடது கரண்டிக்குக் கீழே ஓர் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை வைத்தான். "நான் இங்க."

"இந்த லேன்ல நேரா போகக் கூடாதா?"

"கூடாது. இடதுபக்கம் திரும்ப மட்டும்தான். முன்னாடி போகலாம், இங்க ரெண்டு அம்பு இருந்துச்சு. சந்திப்பைத் தாண்டினா ரோடு குறுகிடுது, அங்க போய் ஒருத்தரை ஒருத்தர் நெருக்கறாங்கன்னு, பனிக்கு முன்னாடி, முலாம்பழம் வரத்து ஓயற நேரத்துல மாத்திட்டாங்க. புது போர்டு மாட்டின அன்னைக்கு நாங்க எல்லாரும் நிலையத்துல ஒரே கத்தல், இனிமே நடு லேன் வரிசையில போய்க் கிடக்கணுமான்னு..."

தொக்தோசுனின் முழங்கால் அவன் தொடையில் இடித்தது. இடிக்கும்போதே தாமதமாகிவிட்டது.

"நாங்கன்னா யாரு?" என்றாள் கனிஷாய்.

"பொதுவா டிரைவருங்களைச் சொல்றான்க்கா" என்றான் அல்தாஷ்.

"அவனைச் சொல்ல விடு. நீ அந்த ரூட்டுக்கே புதுசுன்னுதானே இவன் எழுதிக் கொடுத்திருக்கான். இன்ஸ்பெக்டர் எனக்குப் படிச்சுக் காட்டினான்."

மற்ற டிரைவர்கள் சொல்லிக் கேட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். சகின்பெக்கின் நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. அவன் கரண்டியைப் பார்த்தான். அதை வைத்தவன் அவன்தான். கை தயங்காமல் வைத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"கோடையிலேர்ந்து ஓட்டறேன்" என்றான்.

"பனி மூடியிருந்தாலும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

நிறைய காரணங்கள் இருந்தன. எல்லா மினிபஸ்காரனும் அப்படித்தான் போகிறான், பின்னால் உட்கார்ந்தவர்கள் திட்டுகிறார்கள், முன்னால் போகிறவன் ஆளை ஏற்றிவிடுகிறான். எதையும் அவன் சொல்லவில்லை.

"அந்த லேன் காலியா இருந்துச்சு" என்றான்.

கீழே ஆடு ஒரு முறை கத்தியது. கனிஷாய் கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். ஆப்ரிகாட் பழத்தைத் தட்டில் திருப்பி வைத்தாள். சர்க்கரைக் கட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு மறு கையால் தாளை அல்தாஷ் பக்கம் தள்ளினாள்.

"ஆட்டையும் அவுத்துட்டுப் போங்க."

சோல்பான் எழுந்து, விரிப்பின் நடுவிலிருந்த ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதைப் பார்த்ததும் அல்தாஷ் பேச எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

நடையில் மூவரும் குனிந்து பூட்ஸ் தேடினார்கள். அல்தாஷும் தொக்தோசுனும் முதலில் வெளியேறினார்கள். படியில் இறங்கும்போது அல்தாஷின் குரல் கேட்டது: "கரண்டி வச்சுல்ல பாடம் நடத்துறாரு வாத்தியாரு. ஜெயிலுக்குள்ள போய் மத்தவனுக்கு நடத்தட்டும்." தொக்தோசுன் முன்னால் இறங்கிப் போனான். தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பான்.

சகின்பெக் பூட்ஸ் கயிற்றை மெதுவாகக் கட்டினான். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினான். அந்த ஊரில் பகையாளியைக் கூட, ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு போ என்று வாசலில் சொல்லாமல் அனுப்பமாட்டார்கள். கனிஷாய் நடையில் வந்து நின்றாள். கையில் ரொட்டி இல்லை.

"அக்கா, உங்க மகன் மேல தப்பு இல்லைன்னு கோர்ட்லயும் சொல்றேன்."

"சொல்லு. எனக்கு அது போதும்" என்றாள். "உனக்கு நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, தம்பி."

அவன் வாசற்படியைத் தாண்டி நின்றான். திரும்பிப் பார்ப்பதற்குள் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் நின்று, இன்னொரு சுற்று.