மாதிரிப் பக்கத்தில் என் நம்பர்

ஜீவன் எனக்குத் தர வேண்டியது எழுநூற்று நாற்பத்திரண்டு ரிங்கிட் ஐம்பது சென். கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின் அறையில் வாடகைக்கு இருந்தபோது அவனுடைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் போய்விட்டது. வொர்க்‌ஷாப்காரனுக்கு நான்தான் கொடுத்தேன். பிறகு பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். நானும் கேட்கவில்லை. நாளெல்லாம் லோரியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்தால் ஒருவனிடம் காசு கேட்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

போன மாதம் அதே தொகை என் போனுக்கு வந்தது. 'சபாபதி, உங்கள் பாக்கி 742.50 ரிங்கிட். உடனே செலுத்தவும்.' மலாயில் இருந்தது. மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் எண்ணவில்லை.

நான் ஐம்பது வயதுக்கு மேல் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மலாய் எழுத்துக் கூட்டப் பழகியவன். என் பெயர் போட்டு வருவதைப் படிக்காமல் அழிக்க மனம் வராது. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பேன். எல்லாம் ஒன்றேதான்.

என் மனைவி வீரம்மா பார்த்துவிட்டாள்.

"எந்த வட்டிக்கார ஆலோங்கிட்ட கடன் வாங்குன? உண்மையச் சொல்லு."

"வாங்கலடி. குடுத்தவனே நான்தான்."

"குடுத்தவனுக்கா வசூல் மெசேஜ் வரும்? யார்கிட்ட கதை விடுற?"

அவள் திட்டியதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேலை போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னுடையது பழைய பட்டன் போன். மெசேஜ் நிரம்பிவிட்டால் புதிதாக எதுவும் உள்ளே வராது. லோரி கம்பெனி சுலைகா சாயங்காலம் மெசேஜ் போடுவாள். முதலில் பதில் போடுபவனுக்குத்தான் மறுநாள் வேலை. அவள் போட்டது வரவே இல்லை. வேலை கைவிட்டுப் போனது. அவளே கூப்பிட்டாள்.

"என்னண்ணே, அனுப்பினா பதிலே இல்ல? இன்னொரு தடவ இப்படின்னா லிஸ்ட்லருந்து பேர எடுத்துடுவேன்லா."

அந்த ஐம்பது சென் வரைக்கும் தெரிந்தவர்கள் நானும் ஜீவனும்தான். மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, புடவைக் கடைகளைத் தாண்டி, அவன் ஆபீஸ் மாடி ஏறினேன். போனை நீட்டினேன். படித்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அங்கிள்... இது நான் எழுதின பக்கம்."

உட்காரவைத்து விளக்கினான். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டுமாம். அதைப் புரோகிராமாக எழுதிக் கொடுப்பது இவர்களுடைய டூல். எழுத்துத் தெரியாத காலத்தில் தபால் ஆபீஸ் வாசலில் எனக்கு ஃபாரம் நிரப்பித் தந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அந்த டூலை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வைப்பது ஜீவன் வேலை.

"பாக்கிய ஞாபகப்படுத்தி மெசேஜ் அனுப்பறதுக்கு ஒரு மாதிரி காட்டணும். அதுல உங்க பேரும் நம்பரும் போட்டேன். கடன் மறந்துடக் கூடாதுன்னு தொகையும் அதே போட்டேன்."

திரையைக் காட்டினான். ஒரே விண்ணப்பம் ஏழு கம்ப்யூட்டர் பாஷையில் இருந்தது. ஏழிலும் நான் கடன்காரன்.

"கஸ்டமருங்க அத காப்பி பண்ணி ஓட்டிப் பாக்கறாங்க. ஓட்டுறப்பல்லாம் உங்களுக்கு வருது."

"காப்பி பண்றவன் பேர மாத்த மாட்டானா?"

"மாத்துங்கன்னு கீழ எழுதியிருக்கேன் அங்கிள். யாரும் படிக்கறதில்ல."

அங்கேயே பக்கத்தில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஏதோ போட்டான். அதற்குள் என் போன் மறுபடி அதிர்ந்தது. ஏற்கெனவே காப்பி எடுத்தவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருப்பார்களாம். என் நம்பரை அடியோடு அடைக்க அவனுடைய மேலாளர் மாதவியால்தான் முடியும்.

"இந்த மாசம்தான் என்னைய நிரந்தரம் ஆக்கறாங்க. இப்பப் போயி சொன்னா... கொஞ்ச நாள் பொறுத்துக்கிறீங்களா?"

"எனக்கு நாளைக்கு வேலை வேணும் தம்பி. என்னால வேற எதையும் யோசிக்க முடியல."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். மாதவியைக் கூப்பிடப் போனான்.

மாதவி வந்தாள். வாயில் பேனா.

"மன்னிச்சிடுங்க அங்கிள்." நின்றபடியே ஏதோ தட்டினாள். "அடைச்சாச்சு. இனிமே யார் ஓட்டினாலும் உங்களுக்கு வராது." ஜீவனிடம் திரும்பினாள். "நிஜ நம்பர் போட்டியே, தொகை எங்கருந்து வந்துச்சு?"

"நிஜமாவே தரணும் மேடம். அவருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர் பூரா எழுதி வெச்சிருக்க, அவர் கையில குடுக்க மட்டும் நேரமில்ல? கீழ ஏடிஎம் இருக்கு. குடுத்துட்டு வா, மத்தத அப்புறம் பேசலாம்."

அவன் காசு எடுக்கும்வரை படியில் உட்கார்ந்து மெசேஜ்களை அழித்தேன். இந்த முறை படிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்று உள்ளே வந்தது, சுலைகாவிடமிருந்து. 'நாளை ஆறு மணி. அரிசி.' எழுத்தெழுத்தாகத் தட்டி 'வரேன்' என்று போட்டேன்.

ஜீவன் வந்தான். "தினமும் அந்தப் பக்கத்தப் பாக்கறேன் அங்கிள். பாத்துப் பாத்து குடுத்துட்ட மாதிரியே ஆயிடுச்சு."

எல்லாம் ஐம்பது ரிங்கிட் நோட்டு. எழுநூற்றைம்பது இருந்தது. சட்டைப்பையைத் துழாவி ஏழு ரிங்கிட் ஐம்பது சென் எடுத்து நீட்டினேன்.

"வேணாம் அங்கிள், இருக்கட்டும்."

"வாங்கிக்கடா. இல்லன்னா இதையும் எங்கயாச்சும் எழுதி வெப்ப."

வாங்கிக்கொண்டான்.