மாடத்தி வீட்டு மெயின் சுவிட்ச்

ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு மாடத்தியுடையது. அவள் மகள் பானுப்பிரியா, கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறாள். அது குடியிருந்த கம்ப்யூட்டர் அவர்கள் பீரோவுக்குப் பக்கத்தில், கிரைண்டரோடு ஒரே பிளக் பாயின்ட்டில் இருந்தது. உலகம் மாடத்தி வீட்டுக்குள் வந்துதான் எடுத்துப் போக வேண்டும்.

இதில் உலகத்துக்கு ஒரு சிரமம். மாடத்தி எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவள். அங்கே வானம் இருட்டி இடி கேட்டால், கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் ஷெட்டை விட்டு வெளியேற வேண்டும், கரண்டையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ராஜபாளையம் பக்கம் உறுமினால் போதும், ஆமத்தூரில் மாடத்தி மெயினை இறக்கிவிடுவாள். ஏன் நின்றுவிட்டது என்று கனடாவிலிருந்தெல்லாம் கேட்பார்களாம். 'பராமரிப்பு வேலை' என்று பானு பதில் போடுவாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நாலைந்து பேரைத் தவிர.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்தது. மற்றது கரகரக்க ஆரம்பித்தது. இன்னொரு தடவை கரண்டு போனால் எழுந்திருக்காது என்று விருதுநகர் மெக்கானிக் சொல்லிவிட்டான். கண் தெரியாதவர்கள் ஏழு வருடமாகத் தங்கள் குரலில் சொல்லி அனுப்பிய இருபதாயிரம் வார்த்தைகள் அதில்தான் இருந்தன. அனுப்பியவர்களில் சிலர் இப்போது இல்லை. அதனால் எல்லாவற்றையும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்ற ஆரம்பித்தாள். எட்டு மணி நேர வேலை.

ஏழாவது மணி நேரத்தில் இடித்தது. வீட்டில் சர்க்கரை இருந்தும் சர்க்கரை கேட்டு நான் அங்கே போயிருந்தேன். பானு சுவிட்ச் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, தள்ளு."

"ஒரு மணி நேரந்தாம்மா. இப்ப அணைச்சேன்னா அம்புட்டும் போயிரும்."

"இடி கேக்குதுல்ல?"

"இது வீடும்மா. இங்கன என்ன வெடிமருந்தா கெடக்கு?"

மாடத்தி சுவிட்சையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, அது ஓடட்டும். ஆளு இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

இடிக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மூவரும் நனைந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் மாடத்தி செய்த முதல் வேலை, என் வீட்டு மெயினை இறக்கியது.

"ஏத்தா, இது என் வீடு."

"உங்க வீட்டுல எதுவும் ஏறலைல்ல மதினி? பேசாம இருங்க."

பானு செல்போனில் எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மின்னலுக்கும் மாடத்தி வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். சேலை முந்தியை முறுக்கிய முறுக்கில் அது கிழியாதது ஆச்சரியம்.

"ஏறிருச்சும்மா."

"இப்ப எங்கன இருக்கு?"

"ஜெர்மனில. பெரிய கட்டடத்துல."

"அங்கன இடி இடிக்காதா?"

"இடிக்கும்."

"அணைக்க ஆளு இருக்கா?"

"எதுக்கும் அணைக்க மாட்டாகம்மா. அதுக்குத்தான அங்கன போனது."

அந்தக் கம்பெனியைப் பற்றி மாடத்திக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. தலையில் முந்தியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள். பானு தடுக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, யாரோ ஒரு கிழவர் 'நெல்லிக்காய்' என்று சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சத்தம் சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறாளாம்.