குழாய்க்கு இரண்டு விலை

அண்ணன் லாரியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர மாதமாகும். ஒன்றரை ஏக்கர் காய்கறித் தோட்டத்தை அண்ணியும் நாத்தனாரும்தான் பார்த்துக்கொண்டார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டால் பாதிச் செலவை அரசாங்கம் தரும் என்று கேள்விப்பட்டு, கோடை முழுவதும் விவசாய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள் அண்ணி. நிலப் பத்திரத்தின் நகல் மங்கல் என்றார்கள். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றார்கள். 'என் காதை வச்சு என்ன விதைக்கப் போறீங்க?' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, முடியை ஒதுக்கி இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தாள்.

ஒருவழியாக அனுமதி கிடைத்தது. ஆனால் அலுவலகம் சொன்ன கடையில்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் போட்ட விலை இரண்டு லட்சம். தன் பங்கான ஒரு லட்சத்துக்கு நகைக்கடன் வாங்கலாம் என்று அண்ணி வளையல்களைக் கழற்றி வைத்தாள்.

நாத்தனாருக்கு என்னவோ உறுத்தியது. அதே கடைக்குத் தனியாகப் போய், மானியம் என்ற பேச்சையே எடுக்காமல், அதே குழாயை அதே நீளத்துக்கு விலை கேட்டாள்.

"அண்ணி, கையில காசு குடுத்து வாங்கினா மொத்தமே ஒரு லட்சம்தானாம்."

முதலில் அண்ணிக்குப் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. முழு விலையும் அவள் தலையில். மானியம் அப்படியே கடைக்காரர் பைக்குள்.

அன்றே அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"திட்டம்னா அப்படித்தாம்மா. எல்லாரும் வாங்குறாங்கல்ல?"

"எல்லாரும் ஏமாந்தா நானும் ஏமாறணுமா சார்?"

"இப்படிப் பேசினா மானியம் போயிடும்."

"போகட்டும். அது எனக்கா வந்துச்சு?"

வளையல்களை அடகு வைத்து, வெளியூர்க் கடையில் இன்னும் மலிவாகவே குழாய் வாங்கினாள். இருவரும் முட்டி தேய மண்டியிட்டுப் பதித்தார்கள். குழாயை மண்ணோடு பிடிக்கும் ஒவ்வொரு முளைக்குச்சியையும் அதிகாரியின் மண்டையில் அடிப்பதுபோல் அடித்தாள் அண்ணி.

செடி பூத்த சமயத்தில் அதிகாரியும் கடைக்காரரும் வந்து வரப்போரம் ஒரு பலகையை நட்டார்கள். 'அரசு மானியத்தில் அமைக்கப்பட்டது.'

"உங்க பேர்ல அனுமதி அப்படியே இருக்கு. எங்க கடைல வாங்கினதா ஒரு கையெழுத்து போடுங்க, வர்ற மானியத்துல உங்களுக்கும் கொஞ்சம் தர்றோம்" என்றார் கடைக்காரர் குழைவாக.

"என் வளையலை அடகு வச்சுப் போட்ட குழாய்க்கு உங்க பலகையா?" என்று அதைப் பிடுங்கிச் சாலையில் வீசினாள். நாத்தனார் எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்துவிட்டாள். இருவரும் அதைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள்.

விசாரணை நடந்தது. கடையைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றியதோடு சரி. கூடவே அந்தப் பகுதிக்கு மானியத்தையும் நிறுத்திவைத்தார்கள். விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"உன்னாலதான்மா எங்க வயித்துல மண்ணு."

"திருடினவன்கிட்ட ஒருத்தர் வாயைத் திறந்தீங்களா? என் வாசலுக்கு மட்டும் வரத் தெரியுதா?" அவள் குரல் தெருமுனைவரை கேட்டது.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் தயங்கி நின்றார்.

"அந்த வெளியூர்க் கடை எங்கம்மா இருக்கு?"

"காலைல வாங்க. இவ கூட்டிட்டுப் போவா" என்று நாத்தனாரைக் காட்டிவிட்டு விருட்டென்று உள்ளே போனாள்.